ஆர்வியில் (வீடு போல வசதி உள்ள வண்டியில்) குடியிருந்து ஆபீஸ் வேலை: நெட் பற்றிய கேள்வி பதில்

கேள்வி (ஆஸ்டின்): அண்ணா, வீட்டைக் காலி பண்ணிட்டு இனி முழுநேரமும் ஆர்விதான். தினம் நாலு மணி நேரம் வீடியோ மீட்டிங் இருக்கு. ஒரே ஒரு கனெக்‌ஷன்னா எது வாங்கலாம்?

பதில்: சம்பளமே நெட்டை நம்பி இருக்கும்போது ஒன்றோடு நிற்காதீர்கள். இரண்டு வேண்டும், இரண்டும் வேறு வேறு வழியில் வர வேண்டும். வெரைசனும், அதே நெட்வொர்க்கில் ஓடும் விசிபிளும் வாங்கினால் பில் இரண்டு, டவர் ஒன்றுதான். ஒரு செல்லுலார் (செல் டவர் வழி நெட்), ஒரு ஸ்டார்லிங்க் (சாட்டிலைட் வழி நெட்) என்பதே என் சிபாரிசு. மரம் மூடிய இடத்தில் முதலாவது கைகொடுக்கும், டவர் எட்டாத பாலைவனத்தில் இரண்டாவது.

டேட்டா கணக்கையும் போட்டுப் பாருங்கள். போக 2, வர 2 எம்பிபிஎஸ் ஓடினால் மணிக்கு 1.8 ஜிபி. தினம் 4 மணி நேரம், 22 நாள் என்றால் 158 ஜிபி. போன் பிளானில் 'அன்லிமிடெட்' என்று போட்டிருந்தாலும் ஹாட்ஸ்பாட்டுக்கு (போன் நெட்டை லேப்டாப்புக்குப் பகிர) எத்தனை ஜிபி என்று தனியாகப் பாருங்கள்.

கேள்வி (குவார்ட்ஸைட், ஆரிசோனா): நாலு பார் காட்டுது, ஆனா சாயந்திரம் ஆனா ஜூம் உறைஞ்சு போகுது. பூஸ்டர் வாங்கட்டுமா?

பதில்: சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர் வாங்காதீர்கள். பார் சிக்னலின் பலத்தைத்தான் சொல்லும், அந்த டவரில் எத்தனை பேர் தொங்குகிறார்கள் என்று சொல்லாது. ஜனவரியில் குவார்ட்ஸைட் முழுக்க ஆர்வி நிற்கும். டவர் அதேதான்.

ரவுட்டரின் செட்டிங் பக்கத்தில் ஆர்எஸ்ஆர்பி (சிக்னலின் பலம்), எஸ்ஐஎன்ஆர் (இரைச்சலோடு ஒப்பிட்டால் சிக்னல் எவ்வளவு சுத்தம்) என்று இரண்டு எண் இருக்கும். ஐபோனில் *3001#12345# டயல் செய்தும் பார்க்கலாம். ஆர்எஸ்ஆர்பி -90 அளவில் இருந்தால் நல்லது, -110க்குக் கீழே போனால் பலவீனம். எஸ்ஐஎன்ஆர் 13க்கு மேல் இருந்தால் சுத்தமான சிக்னல், 0 பக்கம் வந்தால் இரைச்சல். எண்கள் நன்றாக இருந்து, நெட் விடிகாலை 5 மணிக்குப் பறந்து, சாயந்திரம் நகராவிட்டால் அது நெரிசல். அதற்கு மருந்து ரவுட்டரை வேறு பேண்டில் (அலைவரிசையில்) லாக் செய்வது, இல்லாவிட்டால் வேறு கம்பெனி சிம் அல்லது ஸ்டார்லிங்க்.

ஆர்எஸ்ஆர்பி உண்மையிலேயே -112 என்று காட்டினால் கூரையில் மைமோ ஆண்டெனா (ஒரே நேரத்தில் பல ஆண்டெனா வழியாக டேட்டா அனுப்பிப் பெறுவது) வைத்து நேராக ரவுட்டரில் சொருகுங்கள். பூஸ்டர் பெரும்பாலும் ஒரே ஆண்டெனா வழியாக வேலை செய்வதால் மைமோ போய்விடும், டவுன்லோட் குறையக்கூட வாய்ப்பு உண்டு. கேபிள் நீளமும் முக்கியம். எல்எம்ஆர்-195 என்ற மெல்லிய ஆண்டெனா கேபிளில் 20 அடி ஓடினாலே 1900 மெகாஹெர்ட்ஸில் ஏறக்குறைய பாதி சிக்னல் காலி. அதனால் ஆண்டெனாவுக்கு நேர் கீழே உள்ள அலமாரியில் ரவுட்டரை வையுங்கள். கோடையில் அங்கே சூடு ஏறும், காற்றுப் போக வழி விடுங்கள்.

கேள்வி (ஓரிகன்): ஸ்டார்லிங்க்ல பாட்டு, படம் எல்லாம் சரியா ஓடுது. மீட்டிங்ல மட்டும் ரெண்டு மூணு நிமிஷத்துக்கு ஒருமுறை குரல் அறுபடுது. ஏன்?

பதில்: மரம். சாட்டிலைட்டுகள் சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில் ஓடிக்கொண்டே இருக்கின்றன, டிஷ் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவுகிறது. இடையில் கிளை மறைத்தால் 2 நொடி அறுந்துவிடும். படம் முன்கூட்டியே இறங்கி வைத்திருப்பதால் அதில் தெரியாது. உயிரோடு ஓடும் பேச்சில் தெரிந்துவிடும். அமெரிக்காவில் டிஷ் பெரும்பாலும் வடக்கு வானத்தைத்தான் பார்க்கும். வண்டியை நிறுத்தும் முன் ஆப்பில் தடை ஸ்கேன் செய்யுங்கள். கிட்டில் வரும் 15 மீட்டர் கேபிள் போதும்: வண்டி நிழலில், டிஷ் வெட்டவெளியில்.

கேள்வி (யூட்டா): ஸ்டார்லிங்க் மினியை நேரா 12 வோல்ட் பேட்டரியில் கொடுத்தேன். அடிக்கடி ரீபூட் ஆகுது, சார்.

பதில்: வோல்டேஜ் விழுகிறது. மினிக்கு (ஸ்டார்லிங்க்கின் சின்ன டிஷ்) குறைந்தது 12 வோல்ட் வேண்டும். 40 வாட் இழுக்கும்போது 3 ஆம்பியருக்கு மேல் ஓடும். 18 கேஜ் வயரில் 15 மீட்டர் போய்த் திரும்புவதற்குள் 2 வோல்ட் தொலைந்து, டிஷ்ஷுக்கு 10.7 மாதிரிதான் போய்ச் சேரும். பேட்டரி பக்கத்தில் 24 வோல்ட் ஆக்கும் ஸ்டெப்-அப் கன்வெர்ட்டர் போடுங்கள், அதற்கு முன்னால் 7.5 ஆம்பியர் ஃப்யூஸ். இன்வெர்ட்டர் வேண்டாம், வீணாகப் பேட்டரி தின்னும். மினி 9 மணி நேரத்துக்கு 270 வாட்-மணி அளவில் எடுக்கும். 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியில் 1,280 இருக்கிறது, லேப்டாப்புக்கும் தாராளம்.

கேள்வி: ரெண்டு சிம் ரவுட்டர் போட்டும் ஒண்ணு போனா கால் கட் ஆகுதே?

பதில்: மோடம் ஒன்றுதான் இருந்தால் ஒரு நேரத்தில் ஒரு சிம்தான் ஓடும். மாறும்போது ஐபி முகவரியும் மாறுவதால் கால் அறுகிறது. அறாமல் இருக்க பாண்டிங் (இரண்டு கனெக்‌ஷனையும் ஒன்றாகச் சேர்த்து ஓட்டுவது) வேண்டும்: லேப்டாப்பில் ஸ்பீடிஃபை, ரவுட்டர் அளவில் பெப்லிங்க்கின் ஸ்பீட்ஃப்யூஷன். ஒரே பாக்கெட்டை (டேட்டாத் துண்டை) இரண்டு வழியிலும் அனுப்பும் செட்டிங்கை வைத்தால் டேட்டா இரட்டிப்பாகும், அதை மீட்டிங் நேரத்துக்கு மட்டும் வையுங்கள்.

கேள்வி: ஆபீஸ் விபிஎன் கனெக்ட் ஆகுது, ஆனா ஃபைல் திறக்க மாட்டேங்குது.

பதில்: பெரும்பாலும் எம்டியூ (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) சிக்கல். 1300க்குக் குறைத்துப் பார்க்கும்படி ஐடி ஆட்களிடம் கேளுங்கள். 443 போர்ட்டில் டிஎல்எஸ் வழி (பாதுகாப்பான வெப்சைட்டுகள் போகும் அதே வழி) இருந்தால் அதையே எடுங்கள்.

கேள்வி: மேற்கு வர்ஜீனியா கிரீன் பேங்க் பக்கம் ஒரு வாரம் தங்கலாமா?

பதில்: லீவு போட்டுவிட்டுப் போங்கள். ரேடியோ டெலஸ்கோப்புக்காக 1958-ல் ஒதுக்கிய 13,000 சதுர மைல் ரேடியோ அமைதி மண்டலம் அது. அப்சர்வேட்டரியை நெருங்க நெருங்க செல் சிக்னலே கிடைக்காது.