ரைட், போலாம்!

(சேலம் – ஏற்காடு தடத்தில் 26 வருஷம் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்ற நடத்துநர் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். இது ஆடி மாத இதழ்.)

ஐயா, நான் மதுரைப் பெண். தலை ஆடிக்கு அம்மா வீட்டுக்கு அழைத்துப்போய்விட்டதால் போன வருஷம் தெரியவில்லை. இந்த வருஷம் ஆடி ஒண்ணாம் தேதி பார்த்தால், தெரு முழுக்கத் தேங்காயைக் குச்சியில் குத்தித் தீயில் வாட்டுகிறார்கள். மாமியாரிடம் கேட்டால் "எப்பவும் செய்யறதுதான்" என்கிறார். என்ன கதை இது? – வாசகி, அம்மாபேட்டை

தலை ஆடிக்கு ஊருக்குப் போனதில் உங்களுக்கு ஒரு தேங்காய் நஷ்டம், அம்மா. இது சேலம், நாமக்கல், கரூர் பக்கத்துப் பண்டிகை. மதுரையில் தேடினாலும் கிடைக்காது.

பாரதப் போர் ஆடி 1-ல் தொடங்கி 18-ல் முடிந்ததாம். தர்மம் ஜெயிக்கவேண்டும் என்று ஜனங்கள் முதல் நாளே தேங்காய் சுட்டுப் பிள்ளையாருக்குப் படைத்தார்களாம். இது என் அப்பாயி சொன்ன கதை. எனக்கு அப்போது கதை முக்கியமில்லை, தேங்காய்தான் முக்கியம். முற்றின காயாகப் பார்த்து வாங்கி, நார் ஒன்றுகூட இல்லாமல் வாசல் கல்லில் தேய்க்க வேண்டும். அந்த வேலை பிள்ளைகளுக்கு. கை காந்தும். அப்புறம் ஒரு கண்ணைத் துளைத்துத் தண்ணீரை டம்ளரில் இறக்கிவிட்டு, பொட்டுக்கடலை, எள், அவல், வெல்லம் எல்லாம் கலந்து உள்ளே திணித்து, இறக்கின தண்ணீரில் கொஞ்சத்தைத் திரும்ப ஊற்றி, அழிஞ்சிக் குச்சியைச் செருகி மூடிவிடுவோம். ஓட்டுக்கு மஞ்சள் பூசினால் தயார். முந்தின நாளே கடைவீதியில் அந்தக் குச்சியைக் கட்டுக் கட்டாக விற்பார்கள். வேறு குச்சி போட்டால் அந்த வாசம் வராது என்பது என் கட்சி. என் மகன் மூங்கில் குச்சியில் சுட்டுவிட்டு "வித்தியாசமே இல்லப்பா" என்கிறான். அவனோடு நான் பேசுவதில்லை.

ஓடு வெடித்து, வெல்லம் உருகி, ஓரம் கருகின வாசம் வரும்போது எடுத்துவிடுங்கள். அடுத்த ஆடிக்கு நீங்களே ஒன்று சுட்டுப் பாருங்கள். முதல் காய் கரியாகத்தான் போகும், பரவாயில்லை.

தீரன் சின்னமலை சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்டது 1805 ஜூலை 31 என்று என் மகள் புத்தகத்தில் இருக்கிறது. அன்று ஆடிப்பெருக்கு என்றும் சொல்கிறார்கள். ஆடிப்பெருக்கு ஆகஸ்ட் 3-ல் அல்லவா வருகிறது? எது தப்பு? – வாசகர், சங்ககிரி

எதுவும் தப்பில்லை. இதே கேள்வியை ஒரு கணக்கு வாத்தியார் பஸ்ஸில் என்னிடம் கேட்டு, கோரிமேட்டிலிருந்து ஏற்காடு வரைக்கும் தானே பதிலும் சொல்லிக்கொண்டு வந்தார். டிக்கெட் போடுகிற நேரத்தில் பாதிதான் காதில் விழுந்தது. மீதியை வீட்டில் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன்.

நம் பஞ்சாங்கம் சூரியனை நட்சத்திரத்தை வைத்து அளக்கிறது. இங்கிலீஷ் காலண்டர் வெயில், மழைப் பருவத்தை வைத்து அளக்கிறது. நம்முடைய வருஷம் அவர்களுடையதைவிடச் சுமார் 20 நிமிஷம் நீளம். ஒரு வண்டி டிரிப்புக்கு டிரிப்பு 20 நிமிஷம் பின்னால் போய்க்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? 72 டிரிப்பில் 1,440 நிமிஷம், அதாவது முழுசாக ஒரு நாள் போச்சு. அப்படித்தான் 72 வருஷத்துக்கு ஒரு நாள் நம் மாதங்கள் பின்னுக்குத் தள்ளிப்போகின்றன. 1805-லிருந்து இன்றைக்கு 220 வருஷம் ஆகிவிட்டது. அதில் மூன்று நாள் போகும். ஆகஸ்ட் 3-லிருந்து மூன்று நாள் பின்னால் வாருங்கள், எங்கே நிற்கிறீர்கள்? ஜூலை 31.

நம்பிக்கை வரவில்லையா? விவேகானந்தர் பிறந்தது 1863 ஜனவரி 12. அன்றைக்கு மகர சங்கராந்தி, நம் பொங்கல். இன்றைக்குப் பொங்கல் 14, 15-க்கு வந்துவிட்டது. மகளிடம் சொல்லுங்கள், புத்தகமும் சரி, ஊர்வாயும் சரி.

ஏற்காடு ஏறும்போது வாந்தி வராமல் இருக்க என்ன செய்யலாம்? – வாசகி, தாரமங்கலம்

கீழே புரோட்டா சாப்பிடாதீர்கள். 20 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் பலகையில் நம்பர் போட்டிருக்கும். செல்போனைப் பார்த்துக்கொண்டு போகாமல் பிள்ளைகளை அந்த நம்பரை எண்ணச் சொல்லுங்கள். கடைசி சீட் வேண்டாம். எலுமிச்சம்பழத்தை மோந்து பார்ப்பவர்களும் வாந்தி எடுத்ததை நான் பார்த்திருக்கிறேன், ஆனாலும் கையில் இருந்தால் ஒரு தைரியம்.

அண்ணா, மாமியார் ஆடிப் பதினெட்டுக்கு மேட்டூர் போயே தீரவேண்டும் என்கிறார். கூட்டத்தில் கைக்குழந்தையோடு போகலாமா? அணை கட்டுவதற்கு முன்னால் அங்கே என்ன இருந்தது? – வாசகி, ஓமலூர்

போங்கள், ஆனால் விடியற்காலை முதல் வண்டியில். வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுங்கள். அன்றைக்குக் காவேரிக்கு ஜனங்கள் மட்டுமா வருகிறார்கள்? சுற்றுப்பட்டு ஊர்ச் சாமிகளின் வேலும் கத்தியும் மேளத்தோடு வந்து ஆற்றில் குளித்துவிட்டுப் போகும். குளித்த கையோடு அணைக்கட்டு முனியப்பனையும் பார்த்துவிடுங்கள். கைக்குழந்தையைத் தண்ணீரில் இறக்கவேண்டாம், தலையில் தெளித்தால் போதும். மாமியாரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

அந்த நாளில் எங்களை எல்லாம் ஏற்காடு தடத்திலிருந்து பிடுங்கி மேட்டூர் ஸ்பெஷலில் போட்டுவிடுவார்கள். ஒரு வருஷம் நங்கவள்ளி தாண்டி ஒரு பாட்டி ஏறினார். தலையில் முளைப்பாரி, இடுப்பில் இன்னொன்று. வண்டியில் மூச்சுவிட இடமில்லை. செக்கிங் இருக்கும் என்ற பயத்தில், "பாட்டி, ரெண்டுக்கும் லக்கேஜ் போடணும்" என்றேன்.

"இது ஆத்தாளுக்குப் போறது சாமி. காசு வேணும்னா ஆத்தாகிட்டயே கேட்டு வாங்கிக்க."

வண்டியே சிரித்தது. நான் என் கைக்காசைப் போட்டு லக்கேஜ் டிக்கெட்டைக் கிழித்து அந்தத் தட்டிலேயே செருகிவிட்டேன். முளைப்பாரியோடு அதுவும் காவேரியில் போயிருக்கும். ஆத்தாள் இன்னும் கொடுக்கவில்லை.

அணை 1934-ல் திறந்தது, கவர்னர் ஸ்டான்லி பெயரில். அதற்கு முன்னால் அங்கே ஊர்கள் இருந்தன. வயலும் கோயிலும் சர்ச்சும் சந்தையும் இருந்தன. அத்தனையும் தண்ணீருக்குள் போய், ஜனங்கள் மேட்டுக்கு வந்தார்கள். நீர்மட்டம் நன்றாக இறங்கும் வருஷத்தில் பண்ணவாடிப் பரிசல் துறைப் பக்கம் போனால் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய சர்ச் கோபுரமும் தண்ணீருக்கு வெளியே தெரியும். 120 அடியும் நிரம்பி வழியும் அணையைப் பார்க்க எல்லோரும் போகிறார்கள். என்னைக் கேட்டால் அந்த நந்தி தெரிகிற வருஷமும் ஒருமுறை போகவேண்டும். விவசாயிகள் அடிக்க வருவார்கள், தெரியும். இருந்தாலும்.

சேலம் குகைப் பகுதியில் நடக்கிற வண்டி வேடிக்கை பார்க்க எங்கே நிற்கலாம்? – கல்லூரி மாணவர், சூரமங்கலம்

குகையில் சொந்தக்காரர் வீட்டு மொட்டை மாடியில். சொந்தக்காரர் இல்லையென்றால் இப்போதே யாரையாவது பழக்கம் பிடித்துக்கொள்ளுங்கள். சிவன், பார்வதி, அனுமார் வேஷம் கட்டினவர்கள் ஜோடித்த வண்டியில் அசையாமல் வருவார்கள். ஒருதரம் எனக்குப் பழக்கமான மெக்கானிக் சிவன் வேஷத்தில் வந்தார். கும்பிடுவதா, கையசைப்பதா என்று தெரியாமல் நின்றேன். அவரும் அசையக்கூடாதே, கண்ணை மட்டும் சிமிட்டிவிட்டுப் போனார்.

அக்டோபர் 1-ல் சேலத்துக்கு என்ன விசேஷம் என்று வினாடி வினாவில் கேட்டார்கள். விழித்தோம். – ஆசிரியை, ஆத்தூர்

1937 அக்டோபர் 1. மதுவிலக்கு முதன்முதலில் வந்தது சேலம் மாவட்டத்தில். அன்றைய சேலம் என்றால் தர்மபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் எல்லாம் சேர்த்து. சென்னை மாகாணத்து முதல் மந்திரியாக இருந்த ராஜாஜி, இங்கே வக்கீலாக இருந்தவர், சேலம் முனிசிபாலிட்டியின் சேர்மனாகவும் இருந்தவர். தனக்குத் தெரிந்த ஊரிலிருந்து ஆரம்பித்தார். கடைசி டிரிப்பில் தள்ளாடி ஏறுகிறவர்களைச் சமாளித்த எனக்கு இந்தத் தேதி மறக்காது.

மாடர்ன் தியேட்டர்ஸ் பார்க்க என் பேரன் ஆசைப்படுகிறான். – வாசகர், எடப்பாடி

ஏற்காடு ரோட்டில் அந்த முகப்பு வளைவு மட்டும் நிற்கிறது. உள்ளே வீடுகள் வந்துவிட்டன. பேரனை வளைவுக்கு அடியில் நிறுத்தி, டி.ஆர்.சுந்தரம் என்று ஒருவர் இருந்தார், தமிழின் முதல் கலர் படம் 1956-ல் இந்த வாசலிலிருந்துதான் வந்தது, மலையாளத்தின் முதல் பேசும்படத்தை 1938-ல் எடுத்ததும் இவர்களே என்று சொல்லுங்கள். ஐந்து நிமிஷ வேலை. மீதி நேரத்துக்குக் குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவுக்குக் கூட்டிப்போங்கள். இல்லாவிட்டால் பையன் அழுவான்.

தட்டுவடை செட் எங்கே நன்றாக இருக்கும்? – வாசகி, சென்னை

கடை பெயர் சொன்னால் சேலத்தில் பாதிப் பேர் சண்டைக்கு வருவார்கள். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் பீட்ரூட்டும் கேரட்டும் அப்போதே துருவிப் போடுகிற வண்டிக்கடையாகப் பாருங்கள். பார்சல் வாங்காதீர்கள், நமத்துவிடும்.

ஏற்காட்டுக்கு எந்த மாதம் போனால் நல்லது? மே மாதம் கோடை விழாவுக்குப் போய் மூன்று மணி நேரம் மலைப்பாதையிலேயே நின்றோம். – வாசகர், ஈரோடு

கோடை விழாவுக்குப் போனால் மலர்க் கண்காட்சியில் பூவைவிட ஜனத்தைத்தான் பார்க்கலாம். அதிலும் ஞாயிற்றுக்கிழமை போயிருப்பீர்கள்.

பங்குனி, சித்திரையில் மலையில் ஒரு மழை அடிக்கும். தோட்டக்காரர்கள் பூ மழை என்பார்கள். அது பெய்து பத்து நாள் ஆனால் காபிச் செடி முழுக்க வெள்ளையாகப் பூத்துவிடும். மல்லிகை மாதிரி வாசம், இரண்டு மூன்று நாள்தான். அறுபதடிப் பாலம் தாண்டி மேலே ஏற ஏற, டீசல் புகையையும் தாண்டி அந்த வாசம் ஜன்னல் வழியாக வண்டிக்குள் வரும். சளசளவென்று பேசிக்கொண்டு வருகிற கூட்டம் அந்த இடத்தில் ஒரு நிமிஷம் அடங்கும். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காபி வைத்ததாகச் சொல்வார்கள். சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி, அதன் நிழலில் காபி. சேர்வராயன் கோயில் போகிற ரோட்டில் இரண்டு பக்கமும் பார்க்கலாம்.

கோயிலுக்குள் குனிந்துதான் போகவேண்டும், குகை. மே மாதம் மலைக்காரர்கள் திருவிழா எடுப்பார்கள். அதற்கு மட்டும் கூட்டத்தைப் பார்க்காமல் போகலாம்.

ஓய்வு பெற்றபின் ஏற்காடு பஸ்ஸில் போனீர்களா? – வாசகர், அயோத்தியாப்பட்டணம்

போன மாதம் போனேன். ஓய்வு பெற்று நான்கு வருஷம் கழித்து முதல்முறை. ஜன்னல் சீட் பிடித்தேன். 26 வருஷமும் கம்பியில் முதுகைச் சாய்த்து ஜனங்களைப் பார்த்து நின்றவன் நான், கீழே சேலம் முழுக்கத் தெரிகிற அந்த வளைவுகளில் எனக்குத் தெரிந்ததெல்லாம் சில்லறை பாக்கி யாருக்கு என்பது மட்டும். அன்றைக்குத்தான் மலையடிவாரத்து வெள்ளைக்கல் குவாரி மேலேயிருந்து உப்புக் கொட்டினது போல இருப்பதையே பார்த்தேன்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒண்டிக்கடை வந்ததும், என்னை அறியாமல் எழுந்து நின்று, "ஒண்டிக்கடை எல்லாம் எறங்குங்க" என்று குரல் கொடுத்துவிட்டேன். கண்டக்டர் பையன் திரும்பி முறைத்தான். அதற்குள் நாலு பேர் இறங்கிவிட்டார்கள்.