கடல் விலகிப்போன ஊர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் லண்டனில் வேலை பார்க்கிறேன். போன மாதம் ஒரு சனிக்கிழமை குடும்பத்தோடு காட்ஸ்வோல்ட்ஸ் பக்கம் போனோம். பைபரி, போர்டன்-ஆன்-த-வாட்டர், ஸ்டோ, காசில் கூம் என்று ஒரே நாளில் நான்கு ஊர். கார் நிறுத்த இடம் தேடியே பாதிப் பொழுது போய்விட்டது. எல்லா ஊரும் காலண்டர் படம் மாதிரி அழகுதான். ஆனால் வீட்டுக்கு வந்து போட்டோக்களைப் பார்த்தால் எது எந்த ஊர் என்று பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. எனக்கும்தான். எங்களுக்குக் கிடைப்பது சனி, ஞாயிறு மட்டுமே. இரண்டு நாளில் ஓர் ஊரை உருப்படியாகப் பார்க்க முடியுமா? இல்லை, நீண்ட விடுமுறை வரும்வரை பொறுத்திருப்பதுதான் நல்லதா?

கே., லண்டன்

அன்புள்ள கே.,

முடியும். ஓர் ஊருக்கு இரண்டு நாள் தாராளம். நான்கு ஊருக்குத்தான் போதாது.

பைபரியில் ஆர்லிங்டன் ரோ வீடுகளை நீங்கள் கட்டாயம் படம் எடுத்திருப்பீர்கள். அவை 14ஆம் நூற்றாண்டில் கம்பளிக் கிடங்காகக் கட்டப்பட்டு, 17ஆம் நூற்றாண்டில் நெசவாளர் வீடுகளாக மாறியவை. அவற்றின் எதிரே புல் மண்டிய ஈரத் திட்டு ஒன்று இருக்கிறதே, அதன் பெயர் ராக் ஐல். நெய்த கம்பளித் துணியை அங்கே சட்டங்களில் விரித்துக் காயப்போட்டார்கள், அந்தச் சட்டங்களால் வந்த பெயர். கூரையிலும் வேய்ந்திருப்பது சுட்ட ஓடு அல்ல, சுண்ணாம்புக்கல்லைப் பலகை பலகையாகப் பிளந்து அடுக்கியது. இறவாணத்தில் பெரிய கற்கள், முகட்டை நோக்கிப் போகப் போகச் சிறியவை. இதையெல்லாம் பார்த்து முடிக்க அரை மணி நேரம் போதும். அந்த அரை மணி நேரத்தில் அடுத்த ஊருக்கு எப்போது கிளம்புவது என்ற நினைப்பு மட்டும் இருக்கக் கூடாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் கதவுகளுக்குப் பின்னால் ஆட்கள் குடியிருக்கிறார்கள். சன்னலில் முகத்தை வைத்து உள்ளே எட்டிப் பார்ப்பவர்களைக் கண்டிருக்கிறேன், எனக்கு மனசு கசந்துவிட்டது.

ஒரு பழைய ஊருக்குப் போனால் நான் முதலில் கேட்டுக்கொள்வது, இதை ஏன் யாரும் இடித்துக் கட்டவில்லை என்பதைத்தான். அழகுக்காக விட்டுவைத்தார்கள் என்று நினைத்துக்கொள்கிறோம். பல ஊர்களில் நடந்தது வேறு. கையில் பணம் இல்லை, அதனால் இடிக்கவில்லை. சஃபோக்கில் இருக்கும் லாவன்ஹாம் 1500களின் தொடக்கத்தில் நீலக் கம்பளித் துணி விற்றே இங்கிலாந்தின் பெரும் பணக்கார ஊர்களில் ஒன்றாக இருந்தது. அந்தச் சிற்றூரின் தேவாலயக் கோபுரம் 43 மீட்டர் உயரம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் அடைக்கலம் தேடி வந்த டச்சு நெசவாளர்கள் கோல்செஸ்டரில் இன்னும் மெல்லிய, மலிவான துணியை நெய்யத் தொடங்கினார்கள். லாவன்ஹாமின் வியாபாரம் படுத்துவிட்டது. நாகரிகம் மாறியபோது புது மாதிரி வீடு கட்டிக்கொள்ள ஊரில் வசதி இல்லை. கோணிக்கொண்டும் சாய்ந்துகொண்டும் நிற்கும் அந்த மரச்சட்ட வீடுகளை இன்று நாம் பார்க்க முடிவது அதனால்தான். இது தெரிந்த பிறகு அந்தத் தெருவில் நடக்கும்போது எனக்கு வீடுகளைவிட அங்கே பிழைப்பு போனவர்களின் நினைப்பே அதிகம் வந்தது.

சரி, பிள்ளைகளோடு போக ஓர் ஊர் சொல்லுங்கள் என்றால் சசெக்ஸில் இருக்கும் ரை என்பேன். கார் வேண்டாம். செயின்ட் பாங்கராஸில் ரயில் ஏறி ஆஷ்ஃபோர்டில் மாறினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் ஆகும்.

ரை ஒரு காலத்தில் துறைமுகம். மணலும் சேறும் சேர்ந்து சேர்ந்து கடல் ஊரைவிட்டு விலகிவிட்டது. இப்போது சுமார் 3 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. இதைப் பிள்ளைகளுக்கு வாயால் சொல்லாதீர்கள். செயின்ட் மேரி தேவாலயத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே இருப்பது 1560களின் தொடக்கத்தில் செய்த கடிகாரம், இன்னும் ஓடுகிறது. பிற்காலத்தில் சேர்த்த அதன் நீண்ட ஊசல் தேவாலயத்துக்குள்ளேயே, நம் தலைக்கு மேலே, அவசரமே இல்லாமல் போய்வருகிறது. நான் போன அன்று ஆறேழு வயசுப் பையன் ஒருவன் அண்ணாந்து பார்த்தபடி தன் தலையையும் அதோடு ஆட்டிக்கொண்டே நின்றான். அம்மா இரண்டு முறை கூப்பிட்டும் நகரவில்லை. அப்புறம் கோபுரத்தில் ஏறுங்கள். படி குறுகல், கடைசியில் கிட்டத்தட்ட ஏணிதான். மேலே நின்று தெற்கே பார்த்தால் பச்சைத் தரை தட்டையாகப் போய்க்கொண்டே இருக்கும், கடல் தூரத்தில் ஒரு கோடு. நடுவில் வட்ட வட்டமாக ஒரு கல் கட்டடம் தெரியும். அது கேம்பர் கோட்டை, துறைமுகத்தைக் காக்க எட்டாம் ஹென்றி கட்டியது. கப்பல் வராத இடத்தில் கோட்டை எதற்கு? 1637இல் கைவிட்டுவிட்டார்கள். இன்று அதைச் சுற்றி ஆடுகள் மேய்கின்றன.

இரவு அங்கேயே தங்குங்கள், இதில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். பகல் முழுக்க மெர்மெய்ட் தெருவில் படம் எடுப்பவர்கள் நிறைந்திருப்பார்கள். சாயங்காலம் அவர்கள் திரும்பிய பிறகு அதே தெரு வேறு தெரு. உருண்டைக் கற்கள் பதித்த அந்தச் சரிவில் யாரோ ஒருவர் இறங்கினால்கூடக் காலடி ஓசை அடுத்த முனைவரை கேட்கும். காலையில் சீக்கிரம் எழுந்து இன்னொரு முறை நடந்துவிடுங்கள்.

ஞாயிறு அன்று கோட்டைக்கு நடந்தே போகலாம். இங்கிலாந்தில் தனியார் வயலுக்குள்ளும் பொதுப் பாதைகள் உண்டு, அதில் நடப்பது நம் உரிமை. வேலிக்கம்பத்தில் மஞ்சள் அம்பு இருக்கும். வயலின் குறுக்கே போகும் பாதையை உழுதாலும் குறைந்தது 1 மீட்டர் அகலத்துக்கு உழவர் திரும்பச் சரிசெய்துவிட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. நம் பங்குக்கு, மூடியிருந்த வேலிக்கதவைத் திரும்ப மூட வேண்டும். கோட்டைக்குள் எல்லா நாளும் விட மாட்டார்கள், வெளியே ஒரு சுற்றுச் சுற்றி வந்தாலே போதும். பிள்ளைகளை அந்தச் சுவருக்குப் பக்கத்தில் நிறுத்தி, கப்பல் எந்தப் பக்கமாக வந்திருக்கும் என்று கேட்டுப் பாருங்கள். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.