தவக்காலம் பாதியில் நின்றுபோகிறதா? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்திய நோன்புக் காலம்தான் தவக்காலம். அது தொடங்கும் விபூதிப் புதன் நெருங்கினாலே இந்தக் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். திருகோணமலையில் பல வருடங்களாக மறைக்கல்வி படிப்பித்து வருகிறேன். எனக்குத் தெரிந்த அளவில் பதில் சொல்கிறேன்.

ரீச்சர், ஒவ்வொரு வருடமும் பெரிய தீர்மானம் எடுக்கிறேன். இறைச்சி இல்லை, ஃபோன் இல்லை, தினம் ஒரு மணித்தியாலம் செபம். இரண்டாம் கிழமையோடு எல்லாம் போய்விடுகிறது. எனக்கு மனவுறுதியே இல்லையா? (உவர்மலை)

மனவுறுதியில் பிழை இல்லை, தம்பி. உங்கள் தீர்மானத்தில் நேரமும் இல்லை, இடமும் இல்லை. ‘தினம் செபம்’ என்றால் காலையிலிருந்து இரவு வரை தள்ளிப்போடலாம். படுக்கையில் விழுந்த பிறகுதான் ஞாபகம் வரும். ஒரு மணித்தியாலத்தைப் பத்து நிமிடமாகக் குறையுங்கள். காலையில் முகம் கழுவியதும், தேத்தண்ணி குடிக்க முன், ஒரே கதிரையில் இருங்கள். அன்றைய நற்செய்தியை வாயால் வாசியுங்கள், மனதில் தைத்த ஒரு வசனத்தோடு கொஞ்சம் இருங்கள், ஒரு பரலோக மந்திரம் சொல்லி எழும்புங்கள். ஃபோன் அந்த நேரம் குசினியில் கிடக்கட்டும்.

இரண்டாம் கிழமைத் தளர்ச்சி உங்களுக்கு மட்டும் வருவதல்ல. தொடக்கத்தில் ஒரு உற்சாகம் இருக்கும், கடைசியில் குருத்தோலை ஞாயிறு வந்து நம்மைத் தூக்கிவிடும். நடுவில் உள்ள கிழமைகளுக்குத்தான் இயேசுவின் பாடுகளை நிலை நிலையாகத் தியானிக்கும் வெள்ளிக்கிழமைச் சிலுவைப்பாதை பெரிய உதவி. மனம் வந்தாலும் வராவிட்டாலும் போங்கள். 14 நிலைகளிலும் முழங்காலில் இருந்து எழும்பும்போது, பக்கத்தில் ஒரு ஆச்சி வாங்கின் நுனியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க எழும்புவார். அதைப் பார்த்துவிட்டு வந்து ‘இன்றைக்குக் களைப்பு’ என்று சொல்ல உங்களுக்கு வாய் வராது.

ஒரு நாள் விட்டுப்போனால் அடுத்த நாள் இரண்டு மடங்கு செய்து ஈடுகட்டப் பார்க்காதீர்கள். அதே கதிரை, அதே பத்து நிமிடம், போதும். ‘எல்லாம் குழம்பிவிட்டது, இனி அடுத்த வருடம்’ என்று விடுவதுதான் பெரிய நட்டம்.

ஒருசந்தி, சுத்தபோசனம் இரண்டும் ஒன்றா? மகளுக்கு 15 வயது, அவளும் இருக்க வேண்டுமா? (பாலையூற்று)

இரண்டும் வேறு. சுத்தபோசனம் என்றால் இறைச்சி தவிர்ப்பது. 14 வயது முடிந்த எல்லோருக்கும் உண்டு. ஒருசந்தி என்றால் ஒரு நேரம் மட்டும் வயிறு நிறையச் சாப்பிடுவது. மற்ற இரு நேரமும் கொஞ்சம் எடுக்கலாம், ஆனால் இரண்டும் சேர்ந்தாலும் ஒரு முழுச் சாப்பாட்டுக்கு வரக்கூடாது. இது 18 முடிந்ததிலிருந்து 59 முடியும் வரை. ஒருசந்தி கட்டாயமான நாட்கள் விபூதிப் புதனும் பெரிய வெள்ளியும். ஆகவே மகளுக்குச் சுத்தபோசனம் உண்டு, ஒருசந்தி கட்டாயமில்லை. ஒருசந்தி இருக்க அவளாகவே கேட்டால் அரை நாள் இருந்து பார்க்கட்டும். வற்புறுத்த வேண்டாம்.

கடற்கரையில் இருக்கிறோம். வெள்ளிக்கிழமை மீன் சாப்பிடலாம்தானே?

சாப்பிடலாம். சட்டம் தடுப்பது இறைச்சியை. ஆனாலும் மனம் திறந்து சொல்கிறேன். நம் ஊரில் இறைச்சியை விட மீனில்தான் நாக்குக்கு ஆசை. அறக்குளா பொரித்து, கணவாய்க் கறியும் வைத்துச் சாப்பிட்டுவிட்டு ‘சுத்தபோசனம் காத்தேன்’ என்றால் சட்டம் நிறைவேறும், வேறு ஒன்றும் நடக்காது. வெள்ளிக்கிழமையில் சோறு, பருப்பு, ஒரு கீரை, அவ்வளவோடு நின்று பாருங்கள்.

அப்புறம் முக்கியமான விஷயம் ஒன்று. அன்று மீனுக்குக் கொடுத்திருக்க வேண்டிய காசை உடனே ஒரு டப்பாவில் போடுங்கள். யாருக்குக் கொடுப்பது என்று தவக்காலம் தொடங்க முன்பே வீட்டில் முடிவெடுங்கள். உங்கள் தெருவிலேயே படகு இயந்திரம் பழுதாகித் தொழிலுக்குப் போகாத வீடு ஒன்று இருக்கும். பசித்தவனோடு உணவைப் பகிராத நோன்பு வேண்டாம் என்றுதான் விவிலியத்தில் ஏசாயா 58ஆம் அதிகாரம் சொல்கிறது. எங்கள் வீட்டில் பிள்ளைகளைப் பிடித்து வைத்தது அந்த டப்பாதான். ‘இந்தக் கிழமை எவ்வளவு சேர்ந்தது?’ என்று அவர்களே கேட்பார்கள். யாருக்காக என்று தெரிந்தால் நாக்கை அடக்குவது லேசாகிவிடுகிறது.

எனக்கு 63 வயது, சீனி வருத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறேன். சாப்பிடாமல் இருக்காவிட்டால் மனம் குற்றம் சொல்கிறது.

ஐயா, தயவுசெய்து சாப்பிடுங்கள். ஒருசந்திக் கடமை உங்கள் வயதில் இல்லை. அதோடு இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுத்துவிட்டுப் பட்டினி கிடந்தால் சீனி திடீரென்று இறங்கி மயக்கம் வரும். நேரத்துக்குச் சாப்பிட்டு, வேறொன்றை விடுங்கள். இரவுத் தொலைக்காட்சித் தொடரை நிறுத்தி அந்த நேரம் செபமாலை சொல்லலாம். கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மாருக்கும் இதே பதில்தான்.

கிண்ணியாவிலிருந்து வரும் நண்பர்கள் வேலை இடத்தில் நோன்பு துறக்கக் கூப்பிடுகிறார்கள். வெள்ளிக்கிழமையாக இருந்தால் என்ன செய்வது?

2026இல் தவக்காலமும் ரமழானும் ஒரே கிழமையில் தொடங்கின, பலருக்கு இந்தக் கேள்வி வந்தது. கட்டாயம் போங்கள். கஞ்சியில் இறைச்சி இருந்தால் ‘இன்றைக்கு எங்களுக்கும் நோன்பு’ என்று சொல்லி, பேரீச்சம்பழமும் தண்ணீரும் எடுங்கள். நோன்பு என்றால் என்னவென்று அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பகல் முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்காமல் அவர்கள் வேலை செய்வதைப் பார்த்து எனக்கே உறுதி வந்திருக்கிறது.

நாங்கள் மெதடிஸ்த திருச்சபை. லெந்து நாட்களில் (தவக்காலத்தில்) உபவாசம் எங்களுக்கும் உண்டா?

கத்தோலிக்கரைப் போலக் கட்டளையாக இல்லை. ஆனால் மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லியே புதனும் வெள்ளியும் உபவாசம் இருந்தவர். ஆகவே அந்நியமான ஒன்றை எடுப்பதாக நினைக்க வேண்டாம். வெள்ளி மதியச் சாப்பாட்டை விட்டு, அந்த நேரத்தை வேதவாசிப்புக்குக் கொடுத்துத் தொடங்குங்கள்.

தேத்தண்ணியை விட்டால் தலையிடி தாங்க முடியவில்லை.

கஃபீன் பழகிய உடம்பு அப்படித்தான் கேட்கும். முதல் சில நாட்கள்தான் கடுமை. விபூதிப் புதனுக்கு ஒரு கிழமை முந்தியே ஒவ்வொரு கோப்பையாகக் குறைத்து வாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளிலும் விட்டதை விட்டபடி இருக்க வேண்டுமா?

விபூதிப் புதனிலிருந்து உயிர்ப்புக்கு முந்திய சனி வரை 46 நாட்கள். 6 ஞாயிறுகளைக் கழித்தால்தான் 40. ஞாயிறு ஆண்டவர் உயிர்த்த நாள் என்பதால் அன்று நோன்பு இல்லை. ஆனால் குடி, சிகரெட் போன்றதை விட்டவர்கள் ஞாயிறன்றும் தொடவே வேண்டாம். திங்கள் காலை திரும்ப விடுவது மிகக் கஷ்டம்.

செபத்தில் இருந்தால் கடன், மகனின் வேலை, இதே நினைப்பு. இதற்குப் பேர் செபமா, ரீச்சர்?

செபம்தான், தங்கச்சி. அந்த நினைப்பைத் துரத்திக்கொண்டே இருந்தால் பத்து நிமிடமும் அதிலேயே போய்விடும். கடனை, மகனின் பெயரை அப்படியே ஆண்டவரிடம் சொல்லுங்கள். சொல்லி முடித்ததும் விட்ட வசனத்திலிருந்து மறுபடி வாசியுங்கள். திரும்பவும் வந்தால் திரும்பவும் சொல்லுங்கள்.