மரநிழலும் நகர வெப்பமும்: கேள்வி பதில்

சிங்கப்பூரின் வெப்பத்தை மரங்களும் பூங்காக்களும் எந்த அளவுக்குத் தணிக்கின்றன என்பது குறித்து வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு நிலத்தோற்ற வடிவமைப்பாளர் ஒருவர் பதிலளிக்கிறார்.

2023 மே மாதம் அங் மோ கியோவில் 37 டிகிரி பதிவானது. 1983இல் தெங்காவிலும் இதே அளவு பதிவாகியிருக்கிறதே, ஐயா! அப்படியானால் வெப்பம் கூடுவதற்கு நகரத்தின் மீது எப்படிப் பழி போடுவது? (உட்லண்ட்ஸ் வாசகர்)

ஒரு நாளின் உச்சத்தை வைத்து நகரத்தின் பங்கைக் கணிக்க இயலாது. அது தெளிவாகத் தெரிவது இரவில்தான். கான்கிரீட்டும் தார்ச்சாலையும் பகலெல்லாம் வாங்கி வைத்த வெப்பத்தைப் பொழுது சாய்ந்தபின் சிறுகச் சிறுக வெளியிடுகின்றன. கட்டடங்கள் நெருங்கி நிற்கும் இடங்களில் அது எளிதில் வானுக்குச் செல்லாமல் சுவர்களுக்கிடையே சிக்கிக்கொள்கிறது. போதாததற்கு ஏர்கான்களும் வாகனங்களும் வெளியேற்றும் வெப்பமும் அதனுடன் சேர்ந்துகொள்கிறது. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரவில் அளந்தபோது, மரஞ்செடிகள் அடர்ந்த லிம் சூ காங்கிற்கும் நகர மையத்திற்கும் இடையே ஏறத்தாழ 4 டிகிரி வேறுபாடு காணப்பட்டது.

மரம் குளிர்ச்சி தருவது நிழலாலா, இலைகள் விடும் நீராவியாலா? (ஈசூன் வாசகி)

இரண்டாலும்தான், அம்மா, ஆனால் நம் ஊரில் நிழலுக்கே முதலிடம் தருவேன். 100 லிட்டர் நீர் இலைகளின் வழியே ஆவியாகும்போது சுமார் 67 யூனிட் மின்சாரத்திற்கு நிகரான வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது என்பது உண்மையே. எனினும் காற்றில் ஈரப்பதம் மிகுந்திருக்கும் சிங்கப்பூரில், வறண்ட நகரங்களைப் போல அந்த ஆவியாதல் விரைந்து நடப்பதில்லை. நீராவி கூடக்கூட நம் வியர்வை உலர்வதும் தாமதமாகிறது. ஆகவே, மரத்தடியில் வெப்பமானி காட்டும் இறக்கம் சிறிதாக இருந்தாலும், உடல் உணரும் ஆறுதல் பெரிதாக இருப்பதற்குக் காரணம், நேர்வெயிலும் சூடேறிய தரையிலிருந்து எழும் அனலும் நம்மீது படாமல் கிளைகள் மறைப்பதே. பாதி நிழலிலும் பாதி வெயிலிலும் இருக்கும் இரும்புக் கைப்பிடி ஒன்றை நண்பகலில் தொட்டுப் பாருங்கள், அந்த வேறுபாடு கைக்கே தெரியும்.

இதனால்தான் சாலையோரத்தில் விரிந்து நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தின்மீது எனக்குத் தனிப் பிரியம். பகலில் குடையாக நிற்கும் அதன் இலைகள் மாலையில் மடிந்துகொள்வதால், தரையின் வெப்பம் மேலே செல்ல இரவில் ஓரளவு வழி கிடைக்கிறது.

அப்படியானால் புல்தரை? (தெம்பனிஸ் வாசகர்)

கான்கிரீட்டை விட மேல். மரத்துக்கு ஈடாகாது.

எங்கள் வீட்டிலிருந்து பீஷான் - அங் மோ கியோ பூங்கா ஒரு கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அதன் குளிர்ச்சி எங்களை எட்டுமா? (தோ பாயோ வாசகி)

பெரும்பாலும் எட்டாது. 62 ஹெக்டர் பரப்புள்ள அந்தப் பூங்காவில், 2.7 கிலோமீட்டர் நீளக் கான்கிரீட் கால்வாயை வளைந்து நெளிந்து ஓடும் 3.2 கிலோமீட்டர் ஆறாக மாற்றி 2012இல் திறந்தார்கள். அத்தகைய பெரிய பூங்காவின் குளிர்ச்சியும் காற்று வீசும் திசையில் சில நூறு மீட்டருக்குள் கரைந்துவிடும். ஒரே இடத்தில் பெரிய பூங்காவை வைத்துவிட்டு மற்ற இடங்களை வெறுமையாக விடுவதைவிட, குடியிருப்புகளை ஊடறுத்துச் செல்லும் பசுமைத் தொடர்கள் பயன் தரும் என்பது என் கருத்து. தெங்கா புதுநகரில் 100 மீட்டர் அகலத்தில் ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நீளத்திற்கு வனப்பாதை அமைக்கத் திட்டமிட்டிருப்பது அவ்வகையில் நல்ல முயற்சி. காற்றின் வழியை அடுக்குமாடிகள் மறித்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தேக்காவின் (லிட்டில் இந்தியா) குறுகிய தெருக்களில் மரத்துக்கு எங்கே இடம்? (சிராங்கூன் சாலைக் கடைக்காரர்)

பல தெருக்களில் இடம் இல்லைதான். மண்ணுக்கடியில் குழாய்களும் மின்கம்பிகளும் ஓடும் இடத்தில் மரத்தை நட்டால், வேர் பரவ வழியின்றி அது குட்டையாகவே நின்றுவிடும். ஆனால் உங்கள் கடைக்கு முன்னால் அஞ்சடி இருக்கிறதே! 1822ஆம் ஆண்டின் நகரத் திட்டத்திலேயே ராஃபிள்ஸ் வலியுறுத்திய கூரையிட்ட நடைபாதை அது. அதைச் சரக்குப் பெட்டிகளால் அடைக்காமல் திறந்து வைத்தால் நடப்பவர்களுக்குத் தொடர்ச்சியான நிழல் கிடைக்கும்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் தொட்டிச் செடிகள் வைத்தால் வீடு குளிருமா? (பொங்கோல் வாசகி)

அறையின் வெப்பநிலை குறையும் என்று எதிர்பார்க்காதீர்கள். மேற்குப் பார்த்த சன்னலுக்கு உட்புறம் கொடியைப் படரவிட்டால் பிற்பகல் வெயிலின் கூச்சம் சற்றுக் குறையும், அவ்வளவுதான். பொது நடைபாதையில் வைப்பதானால் ஆள் நடமாட்டத்துக்கு 1.2 மீட்டர் அகலம் விட்டுவிடுங்கள். டெங்கிக் கொசு பெருகாமலிருக்க, தொட்டியின் அடித்தட்டில் நீர் தேங்கவும் விடாதீர்கள்.