மூன்று மாதக் குட்டிக்கு வாலை வெட்டலாமா, கால் நகத்தை எடுக்கலாமா?

கோவையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: “தரகர் ஒருவர் மூலம் டாபர்மேன் ஆண் குட்டி வாங்கினோம். மூன்று மாதம் ஆகிறது, வால் முழுதாக இருக்கிறது. பிறந்த வாரத்தில் வெட்டத் தவறிவிட்டார்கள், இப்போது வெட்டினாலும் ஒன்றும் ஆகாது, வீட்டுக்கே ஆள் அனுப்புகிறேன் என்கிறார் தரகர். கால்களில் மேலே தனியாக நிற்கும் நகங்களையும் அன்றே எடுத்துவிடலாமாம். வால் வெட்டாவிட்டால் கென்னல் கிளப் சான்றிதழ் வராது என்றும் சொல்கிறார். எங்களுக்கு நாய் வளர்த்துப் பழக்கமில்லை. என்ன செய்யலாம்?”

வாலை வெட்ட வேண்டாம். முன்கால் நகங்களையும் எடுக்க வேண்டாம். பின்காலில் அப்படி நகம் இருந்தால் அதை மட்டும் மருத்துவர் தொட்டுப் பார்த்து முடிவு செய்யட்டும், அதற்கும் அவசரமில்லை. தரகர் அனுப்பும் ஆளை எந்தக் காரணத்துக்காகவும் வீட்டுக்குள் விடாதீர்கள்.

பிறந்து மூன்று முதல் ஐந்து நாட்களுக்குள் வெட்டும் வழக்கத்தைக் கேள்விப்பட்டுத்தான் பலரும் இதைச் சின்ன வேலை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அந்த வயதில் வாலெலும்பு பெரும்பாலும் குருத்தெலும்பாக இருக்கும், இரத்தக் குழாய்கள் நூலிழை போல இருக்கும். அப்போதும் குட்டிக்கு வலிக்கத்தான் செய்யும் என்றாலும், உடலுக்கு நேரும் சேதம் சிறியது. உங்கள் குட்டி அந்தக் கட்டத்தைக் கடந்து பல வாரங்கள் ஆகிவிட்டன. இப்போது அதன் வாலில் கெட்டிப்பட்ட எலும்புகளும் மூட்டுகளும் தசைகளும் நரம்புகளும், வாலின் அடிப்புறத்திலும் இரு பக்கங்களிலும் ஓடும் நல்ல தடிமனான இரத்தக் குழாய்களும் இருக்கின்றன. இந்த வயதில் வாலை எடுப்பது ஓர் உறுப்பைத் துண்டிக்கும் அறுவை சிகிச்சை. முழு மயக்கம் கொடுத்து, குழாய்களைக் கட்டி, இரண்டு எலும்புகளுக்கு இடையிலுள்ள மூட்டில் பிரித்து, தசையாலும் தோலாலும் மூடித் தைத்து, பத்து முதல் பதினான்கு நாட்கள் கழித்துத் தையல் பிரிக்க வேண்டும். அதுவரை குட்டி அந்த இடத்தைக் கடிக்காமலிருக்கக் கழுத்தில் கூம்புப் பட்டை போட்டிருக்க வேண்டும். டாபர்மேனுக்கு விரும்பப்படும் குட்டை வால் ஆசனவாயை ஒட்டி நிற்பதால், ஒவ்வொரு முறை மலம் கழிக்கும்போதும் புண் அசுத்தப்படும். தையல் விடுவதும் சீழ் பிடிப்பதும் இதனால்தான் நடக்கின்றன. ஆறிய பிறகும், வெட்டுப்பட்ட நரம்பின் முனை முடிச்சாகத் தடித்துவிட்டால், அந்த நாய் தன் வாலின் மிச்சத்தைத் தானே கடித்துக்கொண்டு வலியோடு வாழ நேரலாம்.

உங்கள் குட்டி டாபர்மேன் என்பதால் இன்னொரு ஆபத்தும் உண்டு. வான் வில்லிபிராண்ட் நோய் என்ற பரம்பரை இரத்தக் குறைபாடு இந்த இனத்தில் மிகப் பரவலாக இருக்கிறது. இரத்தம் உறைவதற்குத் தேவையான ஒரு புரதம் குறைவாக இருக்கும். சாதாரண நாளில் நாய் துள்ளி விளையாடிக்கொண்டிருக்கும், வெளியில் எதுவும் தெரியாது. கத்தி பட்ட பிறகுதான் இரத்தம் நிற்காமல் ஒழுகுவது தெரியவரும். நம் ஊரில் உண்ணிக் காய்ச்சலும் சேர்ந்துகொள்கிறது. உண்ணி கடித்துப் பரவும் எர்லிக்கியா கிருமி, இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களைக் குறைத்துவிடும், அதுவும் சில நாய்களில் வெளியே தெரியாமலேயே இருக்கும். ஆகவே எந்த அறுவை சிகிச்சையாக இருந்தாலும், டாபர்மேனுக்கு முன்கூட்டியே தட்டணு எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும், உதட்டின் உட்புறத்தில் சிறு கீறலிட்டு இரத்தம் எத்தனை நிமிடத்தில் நிற்கிறது என்றும் பார்க்க வேண்டும். வீட்டுக்கு வரும் ஆளின் பையில் இதற்கெல்லாம் என்ன இருக்கும்? ஒரு பிளேடு, ஒரு கத்தரிக்கோல், கொஞ்சம் பஞ்சு, அல்லது ஒரு ரப்பர் பேண்டு.

அந்த ரப்பர் பேண்டைப் பற்றி எச்சரிக்காமல் இந்தப் பதிலை முடிக்க எனக்கு மனம் வராது. வாலின் அடியில் இறுக்கிக் கட்டிவிட்டால் இரத்த ஓட்டம் நின்று, வால் கறுத்துத் தானாக விழுந்துவிடும், கத்தியே வேண்டாம், இரத்தமே வராது என்று சொல்லுவார்கள். மூன்று மாதக் குட்டியின் வால் அப்படி எளிதாக விழுவதில்லை. பட்டை தோலை அறுத்துக்கொண்டு உள்ளே இறங்கும், சதை அழுகும், நம் வெயிலில் அந்தப் புண்ணில் ஈ உட்கார்ந்து இரண்டொரு நாளில் புழு வைத்துவிடும். காற்றுப் புகாத அழுகல் சதையில் ஏற்பு ஜன்னி (டெட்டனஸ்) கிருமிக்கும் இடம் கிடைத்துவிடும். இப்படிக் கட்டப்பட்டு, நாற்றம் வந்த பிறகு, ஜன்னல் கம்பியில் அடிபட்டுவிட்டது என்று பொய்க் காரணம் சொல்லித் தூக்கிவரப்படும் குட்டிகளைச் சிகிச்சை மேசையில் பார்க்கும்போது எனக்கு வரும் கோபத்தை இங்கே எழுத முடியாது. ஏற்கெனவே யாராவது கட்டியிருந்தால், பட்டையை உடனே வெட்டி எடுத்துவிட்டு, அன்றே மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். நீங்களாக மஞ்சளோ டெட்டாலோ ஊற்றிக் காத்திருக்காதீர்கள்.

இனி சான்றிதழ். தூய இன நாய்களைப் பதிவு செய்யும் இந்தியக் கென்னல் கிளப்பின் தலைமையகம் சென்னையில்தான் இருக்கிறது. ஒரு குட்டிக்கு அங்கே பதிவுச் சான்றிதழ் கிடைப்பது, தாயும் தந்தையும் முறையாகப் பதிவு பெற்றிருப்பதையும், குட்டிகள் பிறந்ததும் அந்த ஈற்றை வளர்ப்பவர் பதிவு செய்திருப்பதையும் பொறுத்தது. வாலின் நீளத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. வால் இருப்பதால் சான்றிதழ் வராது என்று ஒருவர் சொன்னால், ஈற்றுப் பதிவே நடக்கவில்லை என்றும் அதை மறைக்க ஒரு காரணம் தேடுகிறார் என்றும் நீங்கள் சந்தேகப்பட வேண்டும். குட்டியை விற்ற காசு ஒருபுறம், வெட்டும் ஆளிடமிருந்து வரும் கமிஷன் இன்னொருபுறம், பிறகு புண்ணுக்கு மருந்து, அடுத்து காதையும் வெட்டி நிமிர்த்தலாம் என்ற யோசனை என்று இந்தச் சங்கிலி நீண்டுகொண்டே போகும். 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி, நாய்களை இனப்பெருக்கம் செய்து விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது, விற்பதற்கு முன் மைக்ரோசிப் பொருத்தியிருக்க வேண்டும். உங்கள் தரகரிடம் வாலைப் பற்றி வாதாடாமல் இந்த மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் தொலைபேசி அழைப்பு அத்தோடு நின்றுவிடும்.

டாபர்மேன் என்றாலே குட்டை வால்தான் என்பதும் பழங்கதை. அந்த இனம் ஜெர்மனியின் அபோல்டா நகரில், டாபர்மேன் என்ற வரி வசூலிப்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் உருவாக்கியது. அந்த ஜெர்மனியே 1998இல் வால் வெட்டுவதைத் தடை செய்துவிட்டது. கென்னல் கிளப்புகளின் சர்வதேசக் கூட்டமைப்பான எப்சிஐ இன்று வைத்திருக்கும் டாபர்மேன் இன இலக்கணத்தில் வாலும் காதும் இயற்கையாக விடப்பட வேண்டும் என்றே இருக்கிறது. வெட்டாவிட்டால் வாலில் அடிபடும் என்று சொல்வார்கள். பிரிட்டனில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நாய்களின் சிகிச்சைப் பதிவுகளை ஆராய்ந்து 2010இல் வெளியான ஆய்வு, ஒரே ஒரு வால் காயத்தைத் தடுக்க ஏறத்தாழ 500 நாய்களின் வாலை வெட்ட வேண்டியிருக்கும் என்று கணக்கிட்டது. நம் நாட்டு நாய்களான சிப்பிப்பாறையும் கன்னியும் முள்காட்டில் முயல் விரட்டியதும் முழு வாலோடுதான்.

நம் சட்டத்தைப் பற்றிப் பேசினால் மனம் சலித்துப்போகிறது. 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம், 11ஆம் பிரிவில், விலங்கை ஊனப்படுத்துவதைக் குற்றம் என்கிறது. மாட்டுக்குக் கொம்பு நீக்குதல், காயடித்தல், சூடு போடுதல், மூக்கணாங்கயிறு கோத்தல் ஆகியவற்றுக்கு விலக்கு கொடுத்திருக்கிறது. நாயின் வாலுக்கு விலக்கு இல்லை. இந்தியக் கால்நடை மருத்துவக் கழகமும் அழகுக்காக வால், காது வெட்டக் கூடாது என்று 2011இல் மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியது, அது நீதிமன்ற வழக்காகவும் ஆனது. ஆனால் முதல் முறை குற்றத்துக்கு அச்சட்டம் வைத்திருக்கும் அபராதம் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரை. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த ஐம்பது ரூபாய் உச்சவரம்பை உயர்த்த ஒருவருக்கும் நேரம் கிடைக்கவில்லை. ஐம்பது ரூபாய்க்கு எந்தத் தரகர் பயப்படுவார்? ஆகவே சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடாதீர்கள், குட்டியை நீங்கள்தான் காப்பாற்ற வேண்டும். யார் மருத்துவம் செய்ய வந்தாலும் மாநிலக் கால்நடை மருத்துவக் கழகப் பதிவு எண்ணைக் கேட்பது உங்கள் உரிமை. 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கழகச் சட்டப்படி, பதிவு பெற்ற கால்நடை மருத்துவர் மட்டுமே அறுவை சிகிச்சை செய்யலாம். பல ஆண்டுகள் மருத்துவமனையில் உதவியாளராக இருந்த அனுபவம் அதற்கு ஈடாகாது.

இப்போது நகங்கள். முன்காலின் உட்புறத்தில், பாதத்துக்குச் சற்று மேலே நிற்பது நாயின் கட்டைவிரல். வளர்ப்பவர்கள் டியூகிளா என்பார்கள். அது எலும்போடு மூட்டாக இணைந்து, தசைநாண்களால் பிடிக்கப்பட்டிருக்கும் முழு விரல். நாய் வேகமாக ஓடும்போது முன்காலின் மணிக்கட்டு தரைவரை தாழும். அப்போது இந்த விரல் தரையில் ஊன்றி, திரும்பும்போது கால் முறுக்கிக்கொள்ளாமல் காக்கிறது. எலும்பைப் பிடித்துக் கடிக்கவும் இதைத்தான் பயன்படுத்தும். மூன்று மாதத்தில் இதை எடுப்பதும் மூட்டிலிருந்து விரலைத் துண்டிப்பதுதான். என்றைக்கோ மாட்டிக் கிழியலாம் என்ற பயத்துக்காக இருக்கிற விரலை எடுக்கத் தேவையில்லை.

பின்கால் விரல் வேறு வகை, இதில் மட்டும் நான் விலக்கு ஒப்புக்கொள்கிறேன். சாதாரணமாக நாய்க்கு மொத்தம் பதினெட்டு நகங்கள். பின்கால்களில் இந்தக் கூடுதல் விரல்கள் இருந்தால் இருபது ஆகும். பல நாய்களுக்குப் பின்காலில் இது இருப்பதே இல்லை, ஆகவே தரகர் சொன்னதை நம்பாமல் முதலில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், குட்டி அசதியாகப் படுத்திருக்கும்போது அந்த விரலை இரண்டு விரல்களால் மெதுவாகப் பிடித்து அசைத்துப் பாருங்கள். உள்ளே எலும்பு கெட்டியாகக் காலோடு சேர்ந்திருந்தால், அதை விட்டுவிடலாம். எலும்புப் பிடிப்பே இல்லாமல் வெறும் தோலில் மட்டும் தொங்கி, எந்தப் பக்கமும் ஆடினால், அது புதரிலும் கம்பளத்திலும் மாட்டிக் கிழியக்கூடியது. அப்போதும் தொங்குகிறது என்ற ஒரே காரணத்துக்காக எடுக்க வேண்டியதில்லை. அடுக்குமாடி வீட்டில், கழுத்துக் கயிற்றோடு நடக்கும் நாய்க்கு அது வாழ்நாள் முழுதும் தொல்லை தராமலே போகலாம். தோட்டத்திலும் வேலியோரத்திலும் ஓடித் திரியும் நாயாக இருந்து, ஒரு முறை கிழிந்து, ஆறி, மறுபடியும் அதே இடத்தில் கிழிந்தால் எடுத்துவிடுவதே நல்லது. நகம் வளைந்து வளர்ந்து தோலுக்குள் குத்திக்கொண்டே இருந்து, வெட்டிவிட ஆளில்லாமல் திரும்பத் திரும்பப் புண்ணானாலும் அப்படியே. இதற்குத் தனியாக ஒரு மயக்கம் கொடுக்க வேண்டாம். கருத்தடை அறுவை சிகிச்சை செய்வதாக இருந்தால், அன்றே ஒரே மயக்கத்தில், மேலே சொன்ன இரத்தப் பரிசோதனைகளை முடித்துவிட்டுச் செய்துகொள்ளலாம். பின்கால் நகம் ராசி என்றும் ராசியில்லை என்றும் இரு விதமாகச் சொல்பவர்கள் உண்டு. அந்தப் பேச்சை வைத்து எடுக்கவும் வேண்டாம், எடுக்காமல் விடவும் வேண்டாம்.

தற்போதைக்குச் செய்ய வேண்டியது இரண்டு. குட்டிக்குத் தடுப்பூசி அட்டவணை பதினாறு வாரம் வரை போகும். வாந்தியும் இரத்தக் கழிச்சலுமாக வரும் பார்வோ நோய் குட்டிகளை அடித்துச் சாய்க்கும் வயது இதுதான், அந்த ஊசிகளில் ஒன்றுகூடத் தவறக் கூடாது. அருகிலுள்ள அரசு கால்நடை மருத்துவமனையிலேயே போட்டுக்கொள்ளலாம். இரத்தம் உறைவது பற்றிய பரிசோதனைக்கு வசதி வேண்டுமென்றால், உங்களுக்கு எட்டும் தூரத்தில் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது.

இரண்டாவது, நகம் வெட்டுவது. கட்டைவிரல் நகம் தரையில் உரசித் தேயாது என்பதால் மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை நீங்கள்தான் வெட்ட வேண்டும். டாபர்மேனின் நகம் கறுப்பு, உள்ளே ஓடும் இரத்தக் குழாய் வெளியே தெரியாது. அதனால் நாய்க்கென்று விற்கும் நகவெட்டியால் நுனியை அரிசி அளவுக்கு மட்டும் நறுக்குங்கள். வெட்டிய முகத்தின் நடுவில் ஈரமான கறும்புள்ளி தெரிந்தால் அதோடு நிறுத்துங்கள். இரத்தம் வந்துவிட்டால் சுத்தமான பஞ்சால் ஐந்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். அப்படியும் நிற்காமல் அரை மணி நேரம் ஒழுகினால் மருத்துவரிடம் கொண்டுபோய், இது டாபர்மேன், நகம் வெட்டியதற்கே இரத்தம் நிற்கவில்லை என்று அந்தச் சொற்களிலேயே சொல்லுங்கள். இரத்தக் குறைபாட்டைச் சந்தேகிக்க அவருக்கு அது போதும்.