ஊசி போட்டதும் நெஞ்சு இறுகுகிறது, மூன்றாவது போடலாமா?

கேள்வி: எனக்கு 46 வயது. ஆறு வருடமாக வருடத்துக்கு ஒருமுறை, ஒரு பக்கக் கண்ணைச் சுற்றித் தாக்கும் கிளஸ்டர் தலைவலி வந்து இரண்டு மாதம் படுத்தி எடுக்கிறது. இந்த முறை நரம்பியல் மருத்துவர் சுமாட்ரிப்டான் 6 மி.கி. ஊசி எழுதிக் கொடுத்தார். பத்து நிமிடத்தில் வலி போய்விடுகிறது. ஆனால் போட்டவுடன் உடம்பு சூடாகி, கழுத்தும் நெஞ்சும் இறுகுகின்றன. போன வாரம் இரவு பத்தரைக்கும் ஒன்றரைக்கும் போட்டேன். நாலு மணிக்கு மறுபடி வலித்தது. தேதி மாறிவிட்டதே என்று மூன்றாவதும் போட்டுக்கொண்டேன். இதயம் நின்றுவிடும், கிட்னி போய்விடும், மன அழுத்த மாத்திரையோடு சேர்ந்தால் விஷமாகும் என்றெல்லாம் இணையத்தில் படித்தேன். பி.பி. மாத்திரையும் மன அழுத்தத்துக்கு எஸ்சிடலோபிராமும் சாப்பிடுகிறேன். சிகரெட் பழக்கம் உண்டு. ஊசிக்கு நடுவில் வலித்தால் மெடிக்கலில் வாசோகிரெய்ன் என்ற தலைவலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறேன். (பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஈரோடு)

பதில்: மூன்றாவது ஊசி கூடாது. 24 மணி நேரத்தில் இரண்டுதான், மொத்தம் 12 மி.கி. இரண்டுக்கும் நடுவே குறைந்தது ஒரு மணி நேர இடைவெளி வேண்டும். நள்ளிரவில் தேதி மாறியதும் கணக்கு புதிதாகத் தொடங்கிவிடாது. பத்தரைக்கு முதல் ஊசி, ஒன்றரைக்கு இரண்டாவது என்றால் அடுத்தது மறுநாள் இரவு பத்தரைக்குத்தான். அதற்கடுத்தது ஒன்றரைக்குப் பிறகு. போட்ட நேரத்தை உடனே போனில் குறித்து வையுங்கள். வலியில் துடித்தவருக்கு விடிந்ததும் மணிக்கணக்கு நினைவிருக்காது. இன்னொன்று: முதல் ஊசிக்கு வலி அசையவே இல்லை என்றால் அதே வலிக்கு இரண்டாவது போட்டுப் பயனில்லை. அடங்கிய வலி திரும்பி வந்தாலோ, அடுத்த வலி வந்தாலோதான் இரண்டாவது.

நெஞ்சு இறுக்கத்துக்கு வருவோம். உங்கள் கடிதம் முழுக்க அந்தப் பயம்தான் ஓடுகிறது. சுமாட்ரிப்டான் தலையில் விரிந்துபோன ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. முகத்துக்கு உணர்வு தரும் நரம்பின் முனைகளிலிருந்து வலியைத் தூண்டும் பொருட்கள் கசிவதையும் தடுக்கிறது. அந்த மருந்து போய் ஒட்டும் ஏற்பிகள் தலையில்தான் அதிகம். ஆனால் இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களிலும் கொஞ்சம் உண்டு. தோலுக்கடியில் போட்ட மருந்து ஏறக்குறைய முழுவதும் ரத்தத்தில் சேர்ந்து, சுமார் பன்னிரண்டு நிமிடத்தில் உச்சத்தைத் தொடும். வலி போகிற அதே நேரத்தில் நெஞ்சு இறுகுவது அதனால்தான். ஊசி போடுபவர்களில் நூறில் நான்கைந்து பேருக்கு இப்படி நெஞ்சில் இறுக்கமோ பாரமோ வரும். கழுத்தும் தொண்டையும் இறுகுவதும் சகஜமே. அப்போது இ.சி.ஜி. எடுத்தால் பெரும்பாலும் ஒரு மாற்றமும் இருக்காது. கொஞ்ச நேரத்தில் தானாக விட்டுவிடும்.

எப்போது விடாது என்பதுதான் முக்கியம். இருபது நிமிடம் ஆகியும் இறுக்கம் குறையத் தொடங்கவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். வியர்த்துக்கொட்டுகிறது, மூச்சு வாங்குகிறது, வலி இடது கைக்கோ தோளுக்கோ இறங்குகிறது என்றால் அந்த இருபது நிமிடமும் காத்திருக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள்; நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். அவசர சிகிச்சைப் பிரிவில் முதல் வாக்கியமாக, ‘சுமாட்ரிப்டான் ஊசி இத்தனை மணிக்குப் போட்டேன்’ என்று சொல்லுங்கள். வாயுப் பிடிப்பாக இருக்கும் என்று சோடா குடித்துவிட்டுப் படுப்பவர்களை நம் ஊரில் மாற்றவே முடிவதில்லை. நீங்கள் அந்தக் கூட்டத்தில் சேர வேண்டாம். இதைவிடக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: ஊசி போடாத நாளில், மாடிப்படி ஏறும்போதோ வேகமாக நடக்கும்போதோ அதே இறுக்கம் வந்து, நின்றால் விடுகிறதா? அப்படியென்றால் அது ஊசியின் வேலை இல்லை, இதய ரத்தக் குழாயில் ஏற்கெனவே அடைப்பு இருக்கிறது என்று பொருள். அந்த இதயத்துக்கு இந்த ஊசி எப்போதுமே கூடாது.

உங்களுக்கு 46 வயது, சிகரெட், ரத்த அழுத்தம். மூன்றையும் கூட்டிப் பார்த்தால், ‘இது எல்லோருக்கும் வருவதுதான்’ என்று சொல்லி அனுப்ப எனக்குத் துணிவில்லை. இப்படிப்பட்டவர்களுக்கு முதல் ஊசியையே மருத்துவர் எதிரில் போட்டு, இ.சி.ஜி. பார்க்க வேண்டும். உங்களுக்கு அது நடந்ததாகத் தெரியவில்லை. எனவே அடுத்த ஊசிக்கு முன் இதயநோய் மருத்துவரிடம் போய் இ.சி.ஜி. எடுங்கள், தேவைப்பட்டால் எக்கோவும் ட்ரெட்மில்லும் அவர் சொல்வார். படுத்த நிலையில் எடுத்த ஒரு இ.சி.ஜி. நன்றாக இருந்துவிட்டால் மட்டும் முடிந்துவிடாது. ரத்த அழுத்தத்தையும் பாருங்கள். மாத்திரை சாப்பிடுவது வேறு, அழுத்தம் கட்டுக்குள் இருப்பது வேறு. கட்டுக்குள் இல்லாதவருக்கு இந்த ஊசி தடை. மாரடைப்பு, பக்கவாதம் வந்தவர்களுக்கும், கால் ரத்தக் குழாயில் அடைப்பு உள்ளவர்களுக்கும், கல்லீரல் கடுமையாகக் கெட்டவர்களுக்கும் அப்படியே.

இனி வாசோகிரெய்ன். கடிதத்தில் கடைசி வரியாக, போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு மூன்றாவது ஊசியைவிட அதுதான் அதிகம் உறுத்தியது. அந்த மாத்திரையில் பாராசிட்டமாலும் காஃபீனும் மட்டும் இல்லை, எர்கோடமின் 1 மி.கி. இருக்கிறது. அதுவும் ரத்தக் குழாயைச் சுருக்கும் மருந்து, அதுவும் மணிக்கணக்காக. சுமாட்ரிப்டானும் எர்கோடமினும் 24 மணி நேரத்துக்குள் சேரவே கூடாது. எது முன், எது பின் என்பதெல்லாம் கிடையாது. இரண்டு ஊசிக்கு நடுவில் அதைப் போடுவது, இதயக் குழாயை இரண்டு பக்கமும் பிடித்து முறுக்குவதற்குச் சமம். மருத்துவர் எழுதாமல் அதைக் கொடுக்கக் கூடாது. கடைக்காரர் ‘தலைவலியா’ என்று கேட்டு அட்டையைக் கிழித்துக் கொடுத்தால் நீங்கள் வாங்காமல் வர வேண்டும். ரிசாட்ரிப்டான், சோல்மிட்ரிப்டான் போன்ற வேறு ட்ரிப்டான் மாத்திரைகளுக்கும் இதே 24 மணி நேரத் தடை. சுமாட்ரிப்டானே மாத்திரையாகவும் மூக்கு ஸ்பிரேயாகவும் கிடைக்கிறது. அவற்றையும் ஊசிக் கணக்கில் சேர்த்தே எண்ண வேண்டும். உங்கள் வலிக்கு அந்த மாத்திரை உதவாது என்பது தனிக் கதை. வாய்வழி போவதில் ஏழில் ஒரு பங்குதான் ரத்தத்துக்கு வந்து சேர்கிறது. அது வேலை செய்யத் தொடங்குவதற்குள் கிளஸ்டர் வலி அடித்து ஓய்ந்துவிடும்.

மற்ற பயங்கள். கிட்னி போகாது. உடம்பு சூடாவது, ஊசி குத்துவதுபோல் சுருக்கென்பது, தலை சுற்றல், அசதி எல்லாம் மருந்தோடு வந்து மருந்தோடு போகும். ஊசி போட்ட இடம் எரிந்து சிவப்பது பாதிப் பேருக்கு மேல் வருகிறது, தேய்க்காமல் விடுங்கள். எஸ்சிடலோபிராமோடு சேர்ந்தால் செரோடோனின் என்ற மூளை ரசாயனம் அளவு மீறி நஞ்சாகும் என்பது இணையத்துக்குப் பிடித்த பயமுறுத்தல். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2006-இல் ஓர் எச்சரிக்கை விட்டது உண்மை. ஆனால் இரண்டையும் சேர்த்துச் சாப்பிடுபவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள், அந்தச் சிக்கல் மிக மிக அரிது. கை நடுக்கம், காய்ச்சல், வயிற்றுப்போக்கு, படபடப்பு எல்லாம் ஒன்றாக வந்தால் வாருங்கள், இல்லாவிட்டால் மறந்துவிடுங்கள். இதைப் படித்துவிட்டு எஸ்சிடலோபிராமைத் திடீரென்று நிறுத்தினால் அதுதான் தொல்லை. மோக்லோபெமைடு வகை மன அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு மட்டும் உண்மையான தடை. அதை நிறுத்தி இரண்டு வாரம் ஆகாமல் சுமாட்ரிப்டான் கூடாது.

ஊசியை எங்கே, எப்படிப் போடுகிறீர்கள் என்று எழுதவில்லை. தொடையின் வெளிப்பக்கம் அல்லது மேல்கை, தோலுக்கடியில். சீக்கிரம் கேட்கட்டும் என்று பக்கத்து கிளினிக்கில் நரம்பில், அதாவது நேராக ரத்தக் குழாயில், போடச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். இந்த மருந்து நேராக ரத்தக் குழாயில் ஏறினால் இதயக் குழாய் சட்டென்று இழுத்துக்கொள்ளும். யார் கேட்டாலும், யார் போட முன்வந்தாலும், வேண்டாம்.

சரி, நாலு மணிக்கு மூன்றாவது முறை வலி வந்தால் என்ன செய்வது? ஆக்சிஜன். இது வரம்பில்லாத மருந்து. ஒரே நாளில் எத்தனை வலி வந்தாலும் பிடிக்கலாம். நிமிடத்துக்கு 12 முதல் 15 லிட்டர், பை வைத்த நான்-ரீபிரீதர் முகமூடி வழியாக, முன்னால் குனிந்து உட்கார்ந்து, 15 முதல் 20 நிமிடம். வலி தொடங்கியதுமே பிடிக்க வேண்டும். உச்சத்துக்குப் போனபின் பிடித்தால் பாதிப் பலன்தான். ‘ஆக்சிஜன் எனக்குக் கேட்கவில்லை’ என்பவர்களை விசாரித்தால் மூக்கில் குழாய் வைத்து நாலு லிட்டர் பிடித்திருப்பார்கள், அல்லது கோவிட் நேரத்தில் வாங்கிய ஐந்து லிட்டர் கான்சன்ட்ரேட்டரை வைத்திருப்பார்கள். இரண்டும் பத்தாது, சிலிண்டர்தான் வேண்டும். பி டைப் சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர் இருக்கும். 12 லிட்டர் வேகத்தில் 15 நிமிடத்துக்கு 180 லிட்டர் செலவாகும், ஆக எட்டு வலிக்குத் தாங்கும். ஃப்ளோமீட்டர் 15 வரை காட்டுவதாகப் பார்த்து வாங்குங்கள். சிலிண்டர் இருக்கும் அறையில் சிகரெட், ஊதுபத்தி, சாமி விளக்கு எதுவும் கூடாது. வால்வில் எண்ணெய் தடவக் கூடாது. நாள்பட்ட புகைப்பழக்கத்தால் உங்கள் நுரையீரல் கெட்டிருந்தால் இவ்வளவு ஆக்சிஜன் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அதையும் மருத்துவர் பார்த்தபிறகே.

பலருக்கு 6 மி.கி. தேவைப்படுவதில்லை, 3 மி.கி. போதும். இதய சோதனை சரியாக இருந்தால் உங்கள் நரம்பியல் மருத்துவரிடம் இதைக் கேளுங்கள். ஒரே 12 மி.கி.க்குள் நான்கு வலியைச் சமாளிக்கலாம், நெஞ்சு இறுக்கமும் குறையும். ஆனால் பேனாபோல் வரும் ஊசியைப் பிரித்துப் பாதியாக்க முயலாதீர்கள். குப்பியில் வருவதென்றால்தான் இந்தப் பேச்சு. 6 மி.கி. மருந்து 0.5 மி.லி.யில் இருக்கிறது, பாதி என்றால் 0.25 மி.லி. இன்சுலின் சிரிஞ்சில் எடுப்பவர்கள் தடுமாறும் இடம் இது: நம் கடைகளில் 40 யூனிட் சிரிஞ்சும் கிடைக்கிறது, 100 யூனிட் சிரிஞ்சும் கிடைக்கிறது. 0.25 மி.லி. முதலாவதில் 10-ஆவது கோடு, இரண்டாவதில் 25-ஆவது கோடு. மாற்றிப் பார்த்தால் அளவு இரண்டரை மடங்கு தவறும்.

தினம் இரண்டு ஊசி போதவில்லை என்பதே தடுப்பு மருந்து இல்லாமல் காலம் தள்ளுகிறீர்கள் என்பதைக் காட்டுகிறது. சுமாட்ரிப்டான் அன்றைய வலியை நிறுத்துமே தவிர அடுத்த வலியைத் தடுக்காது. தடுப்பதற்கு வெராபமில். 80 மி.கி. தினம் மூன்று வேளை என்று தொடங்கி, ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை கூட்டுவார்கள். ஒவ்வொரு முறை கூட்டும் முன்பும் இ.சி.ஜி. எடுக்க வேண்டும், ஏனென்றால் இந்த மருந்து இதயத்தின் மின்னோட்டத்தைத் தாமதமாக்கும். உங்கள் பி.பி. மாத்திரையின் பெயரை எழுதவில்லை. அது அட்டெனலால், மெட்டோபிரலால் வகையாக இருந்தால் வெராபமிலோடு சேர்ந்து நாடித்துடிப்பை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். அட்டையோடு போங்கள். வெராபமில் பிடிக்கும்வரை இடைப்பட்ட நாட்களுக்கு ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்துக் குறைத்துக்கொண்டு வருவார்கள், அல்லது பின்மண்டை நரம்பைச் சுற்றி ஓர் ஊசி போடுவார்கள். இதை வருடத்துக்கு ஒருமுறை, வலி தொடங்கிய முதல் வாரத்திலேயே செய்துகொண்டால் இரண்டு மாதம் இப்படிப் படாமல் இருக்கலாம்.

தூக்கம் வர இரவில் ஒரு பெக் போடும் வழக்கம் இருந்தால், வலிக் காலம் முடியும்வரை அதையும் விட்டுவிடுங்கள். இந்த வாரங்களில் மது உள்ளே போனால் ஒரு மணி நேரத்துக்குள் வலி கிளம்பும். வலிக் காலம் முடிந்துவிட்டால் அதே மது ஒன்றும் செய்யாது என்பதால் பலர் இதை நம்புவதில்லை.