டப்ளினில் தலைவணங்கிய அரசி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பிரிட்டன் அரசி இரண்டாம் எலிசபெத் 2011 மே 17 முதல் 20 வரை அயர்லாந்துக் குடியரசில் மேற்கொண்ட அரசுமுறைப் பயணம் குறித்துச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தோம். சுதந்திர அயர்லாந்தில் பிரிட்டனின் முடியரசர் ஒருவர் கால் வைத்தது அதுவே முதல் முறை. அதைப் படித்த வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுள் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

மயிலாப்பூர் வாசகர்: லண்டனிலிருந்து டப்ளினுக்கு விமானத்தில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடலாம். இவ்வளவு பக்கத்தில் இருக்கும் நாட்டுக்குப் போக நூறு ஆண்டுகள் ஏன் ஆயின?

அதற்கு முன் டப்ளினுக்குச் சென்ற மன்னர் ஐந்தாம் ஜார்ஜ். 1911 ஜூலையில் அவர் அங்கே சென்றபோது அயர்லாந்து முழுவதும் பிரிட்டனின் ஆட்சியில் இருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் தில்லி தர்பாருக்கு வந்து இந்தியப் பேரரசராக முடிசூட்டு விழா கண்டவரும் அவர்தான். நம் ஊரில் 'கறுப்பர் நகரம்' என்று அழைக்கப்பட்ட பகுதி ஜார்ஜ் டவுன் ஆனதும் அவர் பெயரால்தான். ஆக, பாரிமுனையைக் கடந்து போகிற நமக்கு அந்த மன்னரின் பெயர் புதியதன்று.

அவர் திரும்பிச் சென்ற ஐந்தாவது ஆண்டில், 1916 ஈஸ்டர் வாரத்தில், டப்ளினில் எழுச்சி வெடித்தது. அதன் தலைவர்களைப் பிரிட்டன் சுட்டுக் கொன்றது. 1919 முதல் 1921 வரை விடுதலைப் போர் நடந்தது. 1921 டிசம்பரில் உடன்படிக்கை கையெழுத்தானது. ஆனால் அதற்குள் தீவு பிளக்கப்பட்டுவிட்டது. வடக்கிலுள்ள ஆறு மாவட்டங்கள் பிரிட்டனிடமே தங்கிவிட்டன. 1937இல் இயற்றப்பட்ட அயர்லாந்து அரசியலமைப்பு தீவு முழுவதையும் தன் நாடாகவே கருதியது. இரு அரசுகளுக்கும் இடையே எல்லையே தீராத வழக்காக இருக்கும்போது, ஒரு முடியரசர் விருந்தினராக வந்து கொடி வணக்கம் ஏற்பது எப்படி இயலும்? அதற்கு மேல், 1960களின் இறுதியில் வடக்கே தொடங்கிய வன்முறை முப்பது ஆண்டுகள் நீடித்து 3,500க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. அரச குடும்பமும் அதில் தப்பவில்லை. இந்தியாவின் கடைசி வைஸ்ராயாக நாம் அறிந்த மவுண்ட்பேட்டன், 1979 ஆகஸ்டில் அயர்லாந்தின் ஸ்லைகோ கடற்கரையில் படகில் வைக்கப்பட்ட குண்டு வெடித்து இறந்தார். அவர் எலிசபெத்தின் உறவினர், கணவர் பிலிப்பின் தாய்மாமன்.

1998 ஏப்ரல் 10 அன்று கையெழுத்தான பெரிய வெள்ளி உடன்படிக்கையே வழியைத் திறந்தது. அயர்லாந்து மக்கள் வாக்களித்துத் தங்கள் அரசியலமைப்பிலிருந்த நிலவுரிமைக் கோரிக்கையைக் கைவிட்டார்கள். தீவு ஒன்றிணைவதா வேண்டாமா என்பதை அங்குள்ள மக்களின் விருப்பமே முடிவு செய்யும் என்பதைப் பிரிட்டனும் ஏற்றுக்கொண்டது.

பெரம்பூர் வாசகர்: அரசி மன்னிப்புக் கேட்கவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மன்னிப்பு இல்லாத ஒரு பயணத்தை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேச வேண்டும்?

உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆகவே இதற்குச் சற்று விரிவாகப் பதில் சொல்ல வேண்டும்.

முதலில் ஒரு நடைமுறை. பிரிட்டனின் முடியரசர் அரசியல் பொருள்கள் குறித்து அமைச்சர்களின் ஆலோசனைப்படியே பேசுவார். அரசு செய்த குற்றத்துக்கு மன்னிப்புக் கேட்கும் பொறுப்பு பிரதமருக்கும் நாடாளுமன்றத்துக்கும் உரியது. அந்தப் பொறுப்பு, குறைந்தது ஒரு நிகழ்வைப் பொறுத்தவரையில், பயணத்துக்கு முன்பே நிறைவேற்றப்பட்டிருந்தது. 1972 ஜனவரி 30 அன்று வடக்கு அயர்லாந்தின் டெர்ரி நகரில் உரிமைப் பேரணி சென்றவர்கள் மீது பிரிட்டன் படையினர் சுட்டதில் அன்றே 13 பேர் இறந்தனர். அவசரமாக நடந்த முதல் விசாரணை படையினரைப் பெருமளவு காப்பாற்றியது. 1998இல் அமைக்கப்பட்ட சேவில் ஆணையம் பன்னிரண்டு ஆண்டுகள் விசாரித்து, கொல்லப்பட்டவர்கள் குற்றமற்றவர்கள் என்று முடிவு செய்தது. 2010 ஜூன் 15 அன்று பிரதமர் டேவிட் கேமரன் நாடாளுமன்றத்தில் எழுந்து, நடந்ததை எவ்வகையிலும் நியாயப்படுத்த முடியாது என்று கூறி மன்னிப்புக் கேட்டார். அதற்குப் பதினோரு மாதங்கள் கழித்துத்தான் அரசியின் விமானம் டப்ளினில் இறங்கியது. இந்த வரிசை மாறியிருந்தால் அந்தப் பயணத்துக்கு நானும் இவ்வளவு மதிப்புத் தரமாட்டேன்.

அடுத்தது, அவர் சென்ற இடங்கள். விமானம் இறங்கிய படைத் தளத்துக்கு ரோஜர் கேஸ்மென்ட் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. 1916 எழுச்சிக்கு ஆயுதம் கொண்டுவர முயன்றதற்காக, தேசத்துரோகக் குற்றம் சாட்டி லண்டன் சிறையில் பிரிட்டன் தூக்கிலிட்ட மனிதர் அவர். முதல் நாளே அரசி டப்ளினின் நினைவுத் தோட்டத்துக்குச் சென்றார். அயர்லாந்தின் விடுதலைக்காக உயிர் துறந்தவர்களுக்கென 1966இல், எழுச்சியின் ஐம்பதாம் ஆண்டில், திறக்கப்பட்ட இடம் அது. அங்கே நினைவுகூரப்படுகிறவர்கள் எல்லோரும் அவருடைய பாட்டனாரின், முப்பாட்டியின், அவர்களுக்கும் முன்னோரின் ஆட்சியை எதிர்த்து ஆயுதம் ஏந்தியவர்கள். மலர்வளையம் வைத்தபின் அவர் ஓர் அடி பின்வாங்கி, தலை தாழ்த்தி நின்றார். எந்த நாட்டிலும் அரசருக்குக் குடிமக்கள் தலைவணங்குவதே வழக்கமாக இருக்க, எண்பத்தைந்து வயது அரசி ஒருவர் தம் முடியாட்சிக்கு எதிராகக் கிளர்ந்தவர்கள் முன் தலைவணங்கினார் என்பதை எளிதாக ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை.

மறுநாள் ஐலண்ட்பிரிட்ஜ் போர் நினைவிடத்துக்குச் சென்றார். முதல் உலகப் போரில் பிரிட்டன் படையில் சேர்ந்து மாண்ட 49,400 அயர்லாந்து வீரர்களுக்கானது அது. தாயகம் விடுதலைக்குப் போராடிக்கொண்டிருந்த காலத்தில் ஆண்டவர்களின் சீருடையை அணிந்தவர்கள் என்பதால், சுதந்திர அயர்லாந்து நெடுங்காலம் அவர்களைப் பற்றி வாய் திறக்கவே கூசியது. கோட்டைக்கு அருகில் கடற்கரையோரம் நிற்கும் போர் நினைவுச் சின்னத்தை நம்மில் எத்தனை பேர் நின்று பார்த்திருக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தால் அந்த மௌனம் நமக்கும் புரியும்.

அதே நாளில் அவர் சென்ற குரோக் பார்க் விளையாட்டரங்கம் எல்லாவற்றிலும் கடினமான இடம். 1920 நவம்பர் 21, ஞாயிற்றுக்கிழமை காலை, அயர்லாந்து விடுதலைப் போரின் தலைவர்களுள் ஒருவரான மைக்கேல் காலின்ஸின் ஆட்கள் டப்ளினில் பிரிட்டன் உளவு அதிகாரிகளைச் சுட்டுக் கொன்றார்கள். பிற்பகலில் காவல் படையினர் இந்த அரங்கத்துக்குள் புகுந்து, கேலிக் கால்பந்து பார்க்க வந்திருந்த கூட்டத்தின் மீது சுட்டார்கள். சிறுவர்கள் உட்பட 14 பேர் இறந்தனர். ஆட்டக்காரர் மைக்கேல் ஹோகனும் அவர்களுள் ஒருவர். இந்த அரங்கத்தை நடத்தும் சங்கம், வடக்கு அயர்லாந்துக் காவல்துறையினரும் பிரிட்டன் படையினரும் உறுப்பினராகக் கூடாது என்ற விதியை 2001 வரை வைத்திருந்தது. 2007இல் இங்கிலாந்து ரக்பி அணி அங்கே ஆடியபோது பிரிட்டனின் தேசிய கீதம் ஒலித்தது. அரங்கம் அமைதியாக எழுந்து நின்று கேட்டது. மக்கள் நான்கு ஆண்டுகளுக்கு முன்பே ஆயத்தமாகிவிட்டார்கள் என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

அன்றிரவு விருந்து நடந்த டப்ளின் கோட்டை, அயர்லாந்தில் ஆங்கிலேய ஆட்சியின் தலைமையிடமாக நூற்றாண்டுகள் இருந்து, 1922 ஜனவரி 16 அன்று காலின்ஸிடம் ஒப்படைக்கப்பட்ட இடம். அரசி தம் உரையை ஐரிஷ் மொழியில் தொடங்கியதும் குடியரசுத் தலைவர் மேரி மெக்காலீஸ் வியந்து பக்கத்தில் இருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தார். இன்று பின்னோக்கிப் பார்க்கையில், வேறு விதமாகச் செய்திருக்கலாம் அல்லது செய்யாமலே இருந்திருக்கலாம் என்று நாம் விரும்பக்கூடியவை பல உண்டு என்று அரசி சொன்னார்; துன்புற்ற அனைவருக்கும் ஆழ்ந்த அனுதாபம் தெரிவித்தார். மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லை. அவ்வளவு துயரத்துக்கு அந்த வாக்கியம் போதாது என்று நீங்கள் சொன்னால் நான் மறுக்க மாட்டேன்.

பாராட்டில் ஒரு பெரும் பங்கு அழைத்தவருக்கு உரியது. மெக்காலீஸ் வடக்கே பெல்ஃபாஸ்ட் நகரில் பிறந்தவர். கலவரக் காலத்தில் அவருடைய குடும்பம் வீட்டை விட்டு விரட்டப்பட்டது. அப்படிப்பட்ட ஒருவர் நட்புக்குக் கை நீட்டியதால்தான், வெளியேற மறுத்த பழைய வலிகளைப் பற்றி விருந்து மேசையில் பேச முடிந்தது.

அடையாறு வாசகி: அதே அரசி 1997இல் அமிர்தசரஸுக்கும் வந்தார். ஜாலியன்வாலா பாக்கில் மலர்வளையம் வைத்தார். அது ஏன் நம் மனத்தை ஆற்றவில்லை?

அந்த அக்டோபரில் அவர் சென்னைக்கும் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஜாலியன்வாலா பாக்கில் அவர் காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே சென்றார், மலர்வளையம் வைத்தார். உடல் செய்த மரியாதையில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் முந்தைய நாள் தில்லி விருந்தில் அந்தப் படுகொலையைத் துன்பம் தரும் ஓர் எடுத்துக்காட்டு என்று குறிப்பிட்டுவிட்டு, வரலாற்றைத் திருத்தி எழுத முடியாது என்று சொன்னார். நினைவிடத்திலோ, கல்வெட்டில் எழுதியிருந்த பலி எண்ணிக்கை மிகை என்று பிலிப் சொன்ன சொல் செய்தியாகிவிட்டது. பிள்ளைகளைப் பறிகொடுத்த ஊரில் நின்றுகொண்டு எண்ணிக்கைக்கு வழக்காடியது பெரும் பிழை.

இதைவிட ஆழமான காரணம் ஒன்று உண்டு. 1919 ஏப்ரல் 13 அன்று நடந்த அந்தச் சூட்டில் 379 பேர் இறந்ததாக அன்றைய அரசு கணக்குச் சொன்னது. இந்தியத் தரப்பின் கணக்கு ஆயிரத்தைத் தாண்டியது. ஹண்டர் குழு விசாரித்தது, ஜெனரல் டயர் பதவி இழந்தார். ஆனால் பிரபுக்கள் அவை அவர் பக்கம் நின்றது, இங்கிலாந்தில் ஒரு நாளேடு அவருக்காக 26,000 பவுண்டுக்கு மேல் நிதி திரட்டியது. டெர்ரிக்குக் கிடைத்தது போன்ற ஒரு மறுவிசாரணை அமிர்தசரஸுக்குக் கிடைக்கவே இல்லை. 2013இல் அங்கு வந்த கேமரன் அதை வெட்கக்கேடான நிகழ்வு என்று எழுதினார். நூறாம் ஆண்டில் தெரசா மே ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார். பிரிட்டன் பிரதமர் எவரும் நாடாளுமன்றத்தில் எழுந்து முறையாக மன்னிப்புக் கேட்டதில்லை. மலர்வளையத்துக்கு முன்னால் நிகழ வேண்டிய வேலை நம் விஷயத்தில் நிகழவில்லை என்பதே என் கருத்து.

தாம்பரம், கல்லூரி மாணவர்: வேறு நாட்டு மன்னர்கள் யாராவது மன்னிப்புக் கேட்டிருக்கிறார்களா?

நெதர்லாந்து மன்னர் வில்லம் அலெக்சாண்டர் 2020 மார்ச்சில் இந்தோனேசியாவில், விடுதலைக்குப் பிந்தைய ஆண்டுகளில் தம் நாட்டுப் படைகள் காட்டிய மிகையான வன்முறைக்காக மன்னிப்புக் கேட்டார். பெல்ஜியம் மன்னர் பிலிப் 2022 ஜூனில் காங்கோவில் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்ததோடு நிறுத்திக்கொண்டார். அண்டை நாடு என்று பார்த்தால் ஜப்பானும் கொரியாவும் அயர்லாந்து நிலைக்கு மிக நெருக்கமானவை. 1910 முதல் 1945 வரை ஜப்பான் கொரியாவை ஆண்டது. அதன்பின் ஜப்பானியப் பேரரசர் எவரும் தென் கொரியாவுக்கு அரசுமுறைப் பயணமாகச் சென்றதில்லை.

திருவல்லிக்கேணி வாசகர்: அயர்லாந்து மக்கள் அனைவரும் வரவேற்றார்களா?

இல்லை. தீவு ஒன்றிணைய வேண்டும் என்று கோரும் சின் ஃபெய்ன் கட்சி, இதற்கு இன்னும் காலம் வரவில்லை என்றது. அரசி வருவதற்கு முந்தைய இரவு மேனூத் அருகே ஒரு பேருந்தில் வெடிகுண்டு கண்டெடுக்கப்பட்டது; டப்ளின் தெருக்கள் அடைக்கப்பட்டிருந்ததால் பொதுமக்கள் தொலைவிலேயே நிறுத்தப்பட்டார்கள். கடைசி நாளில் கார்க் நகரச் சந்தையில் மீன் கடைகளைப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோதுதான் அரசி மக்களருகே நடந்து சென்றார். சின் ஃபெய்னைச் சேர்ந்த கேஷல் நகர மேயர், கட்சியின் நிலைப்பாட்டை மீறி, அவருடன் கை குலுக்கினார். எதிர்த்தவர்களை நான் குறை கூற மாட்டேன். உறவுகளை இழந்தவர்களுக்கு எப்போது மனம் இளக வேண்டும் என்று வேறொருவர் நாள் குறிக்க முடியாது.

அண்ணா நகர் வாசகர்: அதன்பின் என்ன மாறியது?

2012 ஜூன் 27 அன்று பெல்ஃபாஸ்டில், பிரிட்டனின் ஆட்சியை எதிர்த்து ஆயுதம் ஏந்திய ஐ.ஆர்.ஏ. இயக்கத்தின் தளபதியாக இருந்து வடக்கு அயர்லாந்தின் துணை முதலமைச்சரான மார்ட்டின் மெக்கின்னஸ், அரசியுடன் கை குலுக்கினார். 2014 ஏப்ரலில் அயர்லாந்துக் குடியரசுத் தலைவர் மைக்கேல் ஹிக்கின்ஸ் முதல் முறையாகப் பிரிட்டனுக்கு அரசுமுறைப் பயணம் சென்று வெஸ்ட்மின்ஸ்டரில் உரையாற்றினார். வின்ட்சர் மாளிகை விருந்தில் மெக்கின்னஸும் அமர்ந்திருந்தார்.

மாறாதவையும் உண்டு. அரசி டப்ளினில் இறங்கிய மே 17, 1974இல் டப்ளினிலும் மோனகனிலும் குண்டுகள் வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்ட நாள். வடக்கிலிருந்த பிரிட்டன் ஆதரவுக் குழு ஒன்று பின்னர் பொறுப்பேற்றது. அதற்குப் பாதுகாப்புப் படையினர் உதவினார்களா என்ற கேள்வி இறந்தவர்களின் குடும்பங்களை இன்றும் விடவில்லை. தன்னிடமுள்ள ஆவணங்களைப் பிரிட்டன் தர வேண்டும் என்று அயர்லாந்து நாடாளுமன்றம் ஒருமுறைக்கு மேல் தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறது. அந்த ஆவணங்களைக் கொடுப்பதற்கு எந்த முடியரசரும் பயணம் செய்ய வேண்டியதில்லை. லண்டனில் இருக்கும் அரசு மனம் வைத்தால் போதும்.